அநாதைப் பிள்ளைகளின் இசையாசான்: குருவானவர் அந்தோனியோ விவால்டி

இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரிலே, "பியெத்தா" என்றொரு இல்லம் இருந்தது. "இரக்கம்" என்பது அப்பெயரின் பொருள். அந்த இல்லத்தின் சுவரில் ஒரு துவாரம். ஒரு பச்சிளங் குழந்தையை வைப்பதற்குப் போதிய இடமே அதில் உண்டு. வறுமையினாலோ, ஊராரின் பேச்சுக்கு அஞ்சியோ, பிள்ளையை வளர்க்க வழியற்ற தாய்மார் வந்து, குழந்தையை அதிலே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் பாதியாக வெட்டிய பதக்கமொன்றைக் குழந்தையின் துணியோடு சேர்த்து வைப்பதுண்டு. என்றாவது ஒரு நாள் மற்றப் பாதியைக் கொண்டுவந்து காட்டிப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைதான் அது.

வாசகர்களே, இன்று உலகெங்கும் வானொலிகளிலும் இசை அரங்குகளிலும் ஆலயங்களிலும் ஒலிக்கும் மேலைத்தேய இசையில் ஒரு பெரும்பங்கு, அந்தத் துவாரத்தின் வழியாக வந்து சேர்ந்த பிள்ளைகள் வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டது. அதை எழுதியவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அவர் பெயர் அந்தோனியோ விவால்டி. தம் வாழ்நாளில் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றிருந்த இவர், இறந்தபின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தார். அவருடைய இசை மீண்டும் உலகுக்குக் கிடைத்ததும் ஒரு பாடசாலையினாலும், தம் பிள்ளைகளைச் சாவுக்குப் பறிகொடுத்த இரு தந்தையராலுமே. பெற்றோரற்ற பிள்ளைகளுக்காகப் பிறந்த இசை, பிள்ளையற்றுப் போன பெற்றோரால் மீண்டது. இந்த வரலாற்றை நமது குடும்பங்கள் அறிந்திருப்பது நன்று.

முத்தின் பெயர் பெற்ற காலம்

மேலைத்தேய இசையில் 1600ஆம் ஆண்டு முதல் 1750ஆம் ஆண்டு வரையுள்ள காலத்தைப் "பறோக்" காலம் என்பர். ஒழுங்கான உருண்டையாக அமையாத முத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் ஒன்றிலிருந்து இப்பெயர் வந்தது என்று சொல்லப்படுகிறது. அக்காலத்து ஓவியத்திலும் சிற்பத்திலும் ஒளியும் நிழலும் அருகருகே நிற்பதைக் காணலாம். இசையும் அவ்வாறே. உரத்த ஒலிக்கு அருகில் மெல்லொலி, பலர் வாசிப்பதற்கு எதிரில் ஒருவர் வாசிப்பது, களிப்பை அடுத்துத் துயரம் என்று எதிரெதிரானவற்றை இணைத்து உள்ளத்தை அசைப்பது அதன் இயல்பு. ஜேர்மன் நாட்டவரான பாக், ஹன்டல் ஆகிய இருவரோடு வைத்து எண்ணப்படும் இத்தாலியர் விவால்டி. வயதில் அவ்விருவருக்கும் ஏழு ஆண்டுகள் மூத்தவர்.

பிறப்பும் குருத்துவமும்

விவால்டி 1678ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி வெனிஸ் நகரில் பிறந்தார். பிறந்த அன்றே உயிருக்கு ஆபத்து என்று அஞ்சி, மருத்துவிச்சியே வீட்டில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இரண்டு மாதங்களின் பின், மே 6ஆம் திகதி, பங்குக் கோவிலில் எஞ்சிய சடங்குகள் நிறைவேற்றப்பட்டன. பிறவியிலேயே தொடங்கிய அந்த உடல் நலிவு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

தந்தையார் ஜொவானி பற்றிஸ்தா முடி திருத்தும் தொழிலில் இருந்து பின் வயலின் வாத்தியக்காரராக மாறியவர். 1685இல் புனித மாற்கு ஆலயத்து இசைக்குழுவில் இடம் பெற்றார். தாயார் கமில்லா ஒரு தையற்காரரின் மகள். செல்வமற்ற குடும்பம், பிள்ளைகளோ பலர். மூத்த மகனுக்கு வயலினைக் கற்றுக்கொடுத்தவர் தந்தையே.

15 வயதில் திருச்சபைப் பணிக்கு உரிய முதற்படியை ஏற்ற அந்தோனியோ, பத்து ஆண்டுகள் படிப்படியாக ஏறி, 1703 மார்ச் 23ஆம் திகதி குருப்பட்டம் பெற்றார். அவருடைய தலைமயிர் செந்நிறமானது. ஆகவே நகர மக்கள் அவரைச் "செந்நிறக் குரு" என்றே அழைத்தனர். இன்றும் அப்பெயர் வழக்கில் உள்ளது.

ஆனால் குருவானவராகப் பீடத்தில் நின்று பூசை ஒப்புக்கொடுத்த காலம் மிகக் குறுகியது. ஓர் ஆண்டு அல்லது அதற்குச் சற்று மேல் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நெஞ்சு இறுகி மூச்சு முட்டும் நோயினால், பூசையை முடிக்க முடியாமல் மூன்று தடவைகள் பீடத்தை விட்டு இறங்க நேர்ந்ததாம். அது தொய்வு நோயாக இருக்கலாம் என்பது இன்றைய கருத்து. இதன்பின் அவர் பூசை செய்வதை விட்டுவிட்டார். குருத்துவத்தை அவர் விடவில்லை. இந்த விடயம் பிற்காலத்தில் அவருக்குப் பெரும் வேதனையைக் கொண்டுவந்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

பியெத்தா இல்லத்துப் பிள்ளைகள்

குருப்பட்டம் பெற்ற அதே 1703ஆம் ஆண்டு, செப்டெம்பர் மாதத்தில், விவால்டி பியெத்தா இல்லத்தில் வயலின் ஆசிரியராக நியமனம் பெற்றார். ஆண்டுக்கு 60 டுக்காட் நாணயம் சம்பளம்.

அந்த இல்லம் அப்பொழுதே மிகப் பழையது. 1346ஆம் ஆண்டில், அசிசி நகரத்துப் பியெத்ரோ என்னும் பிரான்சிஸ்கன் துறவியார் தொடங்கிய பணி அது. அநாதைகள், நோயாளர், வறியவர் ஆகியோரைப் பராமரிக்கவென வெனிஸில் இருந்த நான்கு பெரிய இல்லங்களில், கைவிடப்பட்ட குழந்தைகளை ஏற்றுக்கொள்வது பியெத்தாவின் பொறுப்பு. வளர்க்க வசதியிருந்தும் பிள்ளைகளை அங்கே தள்ளிவிட்டுப் போகும் பெற்றோருக்குத் திருச்சபைத் தண்டனை உண்டு என்று 1548இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் விதித்த கட்டளை, கல்லில் பொறித்துச் சுவரிலே பதிக்கப்பட்டிருந்தது. அந்தக் கல்லே அன்றைய சமூகத்தின் நிலையைச் சொல்லும்.

இல்லத்தில் சேர்ந்த ஆண் பிள்ளைகள் ஒரு தொழிலைப் பழகி வெளியேறுவார்கள். பெண் பிள்ளைகளோ திருமணம் செய்தாலன்றி, அல்லது துறவற மடத்தில் சேர்ந்தாலன்றி, அங்கேயே வாழ்ந்து அங்கேயே இறப்பார்கள். அவர்களுள் பெரும்பாலோர் தையல், சரிகை வேலை, வீட்டு வேலை முதலியவற்றைக் கற்றனர். குரல் வளமோ கைத்திறனோ உள்ளவர்கள் மட்டும் "பாடகர் குழாத்துப் பிள்ளைகள்" எனத் தனியாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்பிப்பார்கள். அவர்கள் ஞாயிறு, திருநாட்களில் ஆலயத்தில் வாசிக்கும்போது, மேல்மாடத்தில், இரும்புக் கம்பித் தட்டிகளின் பின்னால் நிற்பார்கள். கீழே உள்ளவர்களுக்கு இசை கேட்கும், முகம் தெரியாது.

இந்தப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் இல்லை. யாருடைய பிள்ளை என்று எவருக்கும் தெரியாதே! ஆகவே, அவரவர் கற்ற கலையே அவரவர் குடும்பப் பெயராயிற்று. வயலின் வாசித்த அன்னா மரியா, "வயலின் அன்னா மரியா" ஆனாள். அடிக்குரலில் பாடியவள் பெயரோடு அந்தக் குரலின் பெயர் சேர்ந்தது. இந்த அன்னா மரியா குழந்தையாக அங்கே வந்தவள், விவால்டியிடம் கற்றவள். அவளுடைய பெயரை எழுதி, அவள் வாசிப்பதற்கென்றே விவால்டி பல இசைப்படைப்புகளை ஆக்கினார். பிற்காலத்தில் அவளே ஆசிரியையாகி, வெனிஸுக்கு வந்தவர்கள் வியந்து பேசும் கலைஞராக விளங்கி, 1782இல் முதிர்ந்த வயதில் அதே இல்லத்தில் காலமானார். தகப்பன் பெயர் அறியாத ஒரு பெண்ணுக்கு இசை ஒரு பெயரைக் கொடுத்தது.

டென்மார்க் நாட்டு அரசர் நான்காம் பிரெடெரிக் வெனிஸுக்கு வந்திருந்தபோது இவர்களின் இசையைக் கேட்டார். விவால்டி 1709இல் வெளியிட்ட வயலின் இசைத் தொகுதியை அந்த அரசருக்கே காணிக்கையாக்கினார். 1739இல் வெனிஸைப் பார்க்க வந்த பிரான்சு நாட்டு அறிஞர் சார்ள்ஸ் டி புறோஸ், எத்துணைப் பெரிய வாத்தியமும் இந்தப் பெண்களை அச்சுறுத்த முடியாது என்ற கருத்துப்பட ஊருக்குக் கடிதம் எழுதினார். வயலின், செல்லோ, புல்லாங்குழல், ஓபோ, ஓகன் மட்டுமன்றி, ஆளுயரமான பசூன் குழலையும் அவர்கள் வாசித்தனர். அக்காலத்தில் ஐரோப்பாவின் வேறு இடங்களில் இவை பெரும்பாலும் ஆண்களுக்கே உரியனவாகக் கருதப்பட்டன.

ஆண்டுக்கு ஒரு வாக்கெடுப்பு

விவால்டியின் பதவி நிலையானதல்ல. இல்லத்தின் நிர்வாகிகள் ஆண்டுதோறும் கூடி, ஒவ்வோர் ஆசிரியரையும் தொடர்ந்து வைத்திருப்பதா இல்லையா என்று வாக்களிப்பார்கள். 1709இல் விவால்டிக்கு எதிராக 7 வாக்குகளும் ஆதரவாக 6 வாக்குகளும் விழுந்தன. ஒரே ஒரு வாக்கினால் அவர் வேலை இழந்தார். ஈராண்டுகள் கழிந்து, 1711இல், அதே நிர்வாகம் ஒருமனதாக அவரைத் திரும்ப அழைத்தது. 1716இல் இல்லத்தின் இசைக்குழு முழுவதற்கும் பொறுப்பாளரானார். 1723இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மாதத்துக்கு இரண்டு புதிய கொன்சேட்டோக்களை எழுதிக் கொடுக்க வேண்டியவரானார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொன் நாணயம். அந்த உடன்பாட்டின் பின்வந்த ஆண்டுகளில் 140 கொன்சேட்டோக்களுக்குப் பணம் கொடுத்ததாக இல்லத்துக் கணக்கேடுகள் கூறுகின்றன.

கலைஞன் மனம் பொங்கினால்தான் எழுதுவான் என்று எண்ணுவோருக்கு இது வியப்பாக இருக்கலாம். வரும் ஞாயிறுக்கு இன்னின்ன பிள்ளைகள் வாசிக்க வேண்டும். இவள் கை வேகமானது. அவள் மூச்சு நீண்டது. இன்னொருத்தி இப்போதுதான் பழகுகிறாள். இவ்வாறு, முன்னே நிற்கும் பிள்ளைகளுக்கு ஏற்ப எழுதப்பட்ட வேலை இது. ஓர் ஆசிரியரின் அன்றாட வேலை. அதிலிருந்துதான் அந்தக் களஞ்சியம் பிறந்தது.

கொன்சேட்டோ என்றால் என்ன?

விவால்டி ஏறக்குறைய 500 கொன்சேட்டோக்களை எழுதினார். அவற்றுள் பாதிக்கு அண்மையானவை ஒரு வயலினுக்கென அமைந்தவை. கொன்சேட்டோ என்பது ஒரு வாத்தியமும், அதைச் சூழ்ந்த குழுவும் மாறி மாறி உரையாடும் இசை. இதை விளங்கிக்கொள்வது நமக்குக் கடினமல்ல. பூசையிலே சங்கீதம் பாடும்போது என்ன நடக்கிறது? மக்கள் எல்லோரும் ஒரு பல்லவியைப் பாடுகிறார்கள். பின்பு பாடகர் தனியாக ஓர் அடியைப் பாடுகிறார். மீண்டும் மக்கள் பல்லவியைப் பாடுகிறார்கள். பாடகரின் அடிகள் மாறிக்கொண்டே போகும். பல்லவி திரும்பத் திரும்ப வரும். விவால்டியின் கொன்சேட்டோவிலும் இதே ஒழுங்குதான். குழு முழுவதும் ஒரு பல்லவியை வாசிக்கும். தனி வாத்தியம் புறப்பட்டுப் பறந்து திரியும். வேறொரு சுருதியில் பல்லவி அதை எதிர்கொள்ளும். இறுதியில் எல்லோரும் முதல் இடத்துக்கே வந்து சேருவார்கள். வேகமான பகுதி, மெதுவான பகுதி, மீண்டும் வேகமான பகுதி என மூன்று பகுதிகளாக ஒரு கொன்சேட்டோ அமையும். இந்த ஒழுங்கை உருவாக்கியவர் விவால்டி ஒருவரே என்று சொல்ல முடியாது. ஆனால் அதைத் தெளிவாக நிலைநாட்டி, ஐரோப்பா முழுவதற்கும் முன்மாதிரியாக்கியவர் அவரே.

1725இல் ஆம்ஸ்ரடாம் நகரில் அச்சான தொகுதியில் உள்ள "நான்கு பருவங்கள்" இவற்றுள் மிகப் பெயர் பெற்றவை. வசந்தம், கோடை, இலையுதிர் காலம், மாரி என நான்கு கொன்சேட்டோக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதை சேர்க்கப்பட்டு, கவிதையின் எந்த அடியை எந்த இசை காட்டுகிறது என்று அச்சிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. வசந்தத்தில் பறவைகள் கூவும், ஓடை சலசலக்கும், திடீரென இடி முழங்கும். ஆட்டிடையன் உறங்க அவனுடைய நாய் குரைக்கும். மாரியில் குளிரால் பற்கள் அடித்துக்கொள்ளும். வீட்டினுள்ளே அடுப்பருகில் ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்க, வெளியே மழை சொட்டும். இவற்றையெல்லாம் நரம்பு வாத்தியங்களே செய்து காட்டுகின்றன. தொலைபேசியில் காத்திருக்கும்போது ஒலிக்கும் இசையாகவும் விளம்பர இசையாகவும் இன்று இதைக் கேட்டுக் கேட்டு நம் காது மரத்துவிட்டது. ஒருமுறையேனும் முழுமையாகக் கேட்டால் அதன் உண்மை அழகு புலப்படும்.

திருவழிபாட்டு இசை

கொன்சேட்டோக்களால் புகழ் பெற்றவரானாலும், விவால்டி ஆலயத்துக்கென எழுதியவை கத்தோலிக்கராகிய நமக்குத் தனிச் சிறப்புடையவை. "யூதித்தின் வெற்றி" என்னும் இலத்தீன் இசை நாடகம் 1716இல் பியெத்தா பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. அவ்வாண்டு துருக்கியப் படையின் முற்றுகையிலிருந்து கோர்பு தீவு காப்பாற்றப்பட்டதை வெனிஸ் குடியரசு கொண்டாடியது. யூதித்து ஆகமத்துக் கதையே அதற்கு உவமையாக அமைந்தது. படைத்தலைவன் ஓலோபெர்னசின் பாத்திரம் உட்பட எல்லாவற்றையும் பெண்களே பாடினர்.

எல்லாவற்றிலும் இன்று அதிகமாகப் பாடப்படுவது, ஆர்.வி. 589 என்ற எண்ணால் குறிக்கப்படும் "குளோரியா". பூசையில் நாம் பாடும் "உன்னதங்களிலே" கீதத்தின் இலத்தீன் வாசகத்தை 12 பகுதிகளாகப் பிரித்து அமைத்த இசை இது. வயலின்கள் மேலும் கீழுமாகத் துள்ள, எக்காளம் முழங்கத் தொடங்குகிறது. வானதூதரின் மகிழ்ச்சி என்று எவருக்கும் விளங்கும். ஆனால் பூமியிலே மனிதருக்குச் சமாதானம் என்ற பொருள் வரும் இரண்டாம் பகுதியில் எல்லாம் மாறிவிடுகிறது. இசை மெதுவாகிறது, துயரச் சாயல் படிகிறது, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஏங்குகின்றன. சமாதானம் என்பது ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட பொருளல்ல, ஏங்கி வேண்டிக்கொள்ளும் பொருள் என்பதை இந்த இசை உணர்த்துவது போலிருக்கிறது. போரின் துயரை அறிந்த குடும்பங்கள் இப்பகுதியைக் கேட்டால் அதன் பொருளை இலகுவில் உணர்ந்துகொள்வார்கள்.

இறுதிப் பகுதியை விவால்டி முழுவதும் தாமாக ஆக்கவில்லை. ருஜியேரி என்ற வேறொரு வெனிஸ் இசைஞரின் படைப்பை எடுத்துத் திருத்தி அமைத்தார். அக்காலத்தில் அது பெருங் குற்றமாகக் கருதப்படவில்லை.

பாக்கும் விவால்டியும்

1711இல் விவால்டி வெளியிட்ட 12 கொன்சேட்டோக்களின் தொகுதி ஜேர்மனிக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே வைமார் நகர அரண்மனையில் ஓகன் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் யொகான் செபஸ்தியான் பாக், விவால்டியின் கொன்சேட்டோக்களை ஓகனுக்கும் விசைப்பலகை வாத்தியத்துக்கும் ஏற்ப மாற்றி எழுதி எழுதிக் கற்றார். அந்த ஒரு தொகுதியிலிருந்து மட்டும் ஆறு கொன்சேட்டோக்களை அவர் தம் வாழ்நாளில் இவ்வாறு மாற்றியமைத்திருக்கிறார். பாக் லூதரன் சபையைச் சேர்ந்தவர். விவால்டியோ கத்தோலிக்கக் குரு. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. திருச்சபைகள் பிரிந்து நின்ற அக்காலத்தில், இசை ஒரு வேலியைக் கடந்து சென்றது. பாக்கின் முதல் வரலாற்றாசிரியர் போர்க்கல், 1802இல் எழுதிய நூலில், பாக் தம் இசை எண்ணங்களை ஒழுங்குபடுத்தக் கற்றது விவால்டியிடமிருந்தே என்று பதிவு செய்தார்.

ஒரு குருவானவரின் வேதனை

விவால்டியைப் புனிதராகக் காட்டுவது நமது நோக்கமல்ல. அவர் பெருமை பேசுபவர்; பணத்தில் கருத்துடையவர். ஒரு கொன்சேட்டோவைப் பிரதி எடுப்பவன் எழுதி முடிப்பதற்குள் தாம் அதை ஆக்கிவிட முடியும் என்று டி புறோஸிடம் சொல்லிக்கொண்டார். 1713இலிருந்து ஓப்பரா எனப்படும் நாடக இசையிலும் இறங்கினார். 94 ஓப்பராக்களை எழுதியதாக ஒரு கடிதத்தில் கூறினார். இன்று நமக்குத் தெரிந்தவை ஏறக்குறைய 50. முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ இசை எஞ்சியவை 20 அளவில். அரங்குகளை வாடகைக்கு எடுத்தார், பாடகரோடு பேரம் பேசினார், ஊர் ஊராய்ப் பயணம் செய்தார். பியெத்தாவில் அவர் இல்லாத நாட்கள் கூடின.

1737இல் இடி விழுந்தது. பெராரா நகரில் அவர் ஓப்பரா நடத்த எல்லா ஆயத்தங்களும் செய்திருந்தார். அந்நகரப் பேராயர் கர்தினால் ருப்போ, அவரை நகருக்குள் வரவேண்டாம் என்று தடுத்தார். காரணங்கள் இரண்டு. அவர் குருவாயிருந்தும் பூசை செய்வதில்லை. அன்னா ஜிறோ என்ற பாடகியோடு நட்பு வைத்திருக்கிறார். அவ்வாண்டு நவம்பரில் விவால்டி ஒரு பிரபுவுக்கு எழுதிய நீண்ட கடிதம் இன்றும் உள்ளது. பூசையை விட்டது நோயினால் என்றும், வீட்டிலிருந்து வெளியே போவதும் படகிலோ வண்டியிலோதான் என்றும், அன்னாவும் அவருடைய சகோதரியும் தம் நோய்க்கு உதவியாக உடன் வருபவர்களே, தாம் அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்வதில்லை என்றும் அவர் மன்றாடுகிறார்.

அவருடைய சொல்லை நம்புவதா, கர்தினாலின் கண்டிப்பைச் சரி என்பதா? முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னே நிற்கும் நாம் தீர்ப்புக் கூறத் தகுதியற்றவர்கள். குற்றத்துக்குச் சான்று எதுவும் இல்லை. பூசை செய்ய இயலாதபடி மூச்சு முட்டிய ஒருவர், நாடகம் நடத்த நாடு சுற்றியது எப்படி என்று அக்கால மக்கள் கேட்டதும் இயல்பே. இரண்டையும் மறைக்காமல் வைப்பதே நேர்மை.

வியன்னாவில் ஓர் ஏழையின் சாவு

வெனிஸ் புதுமையை நாடும் நகரம். ஒரு காலத்தில் கொண்டாடிய குருவை அது சலித்துக்கொண்டது. வயது அறுபதைக் கடந்த விவால்டி, 1740இல் தம்மிடமிருந்த கொன்சேட்டோக்கள் சிலவற்றைப் பியெத்தா இல்லத்துக்கு விற்றுவிட்டு, வெனிஸை நீங்கி வியன்னாவுக்குப் போனார். முன்பு 1728இல் தம்மைக் கண்டு மகிழ்ந்து பரிசளித்த பேரரசர் ஆறாம் சார்ள்ஸ் ஆதரவு தருவார் என்று நம்பியிருக்கலாம். ஆனால் அவ்வாண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி பேரரசர் இறந்துபோனார். துக்கமும் போரும் நாட்டைச் சூழ்ந்தன. அரங்குகள் மூடப்பட்டன.

1741 யூலை மாத இறுதியில், குதிரைச் சேணம் செய்பவர் ஒருவரின் விதவைக்குச் சொந்தமான வீட்டில், விவால்டி காலமானார். யூலை 28ஆம் திகதி, மிகக் குறைந்த செலவில் செய்யப்படும் சடங்குகளோடு, மருத்துவமனையைச் சேர்ந்த ஏழைகளின் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தச் சேமக்காலையும் இன்று இல்லை. ஒரு காலத்தில் பெருந்தொகை சம்பாதித்தவர் ஊதாரித்தனத்தால் ஏழையாக இறந்தார் என்று வெனிஸில் ஒருவர் குறித்து வைத்தார். அத்தோடு அவர் பேச்சு அடங்கியது.

இருநூறு ஆண்டு உறக்கம்

19ஆம் நூற்றாண்டில் பாக்கின் இசை மறுமலர்ச்சி பெற்றபோது, பாக் பிரதி செய்த இந்த விவால்டி யார் என்று அறிஞர் சிலர் கேட்கலாயினர். ஆனால் அவரைப் பற்றிய அறிவு எவ்வளவு சொற்பமாயிருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். புகழ்பெற்ற வயலின் மேதை பிரிற்ஸ் கிறைஸ்லர், தாமே எழுதிய ஒரு கொன்சேட்டோவை விவால்டியுடையது என்று சொல்லி வாசித்து வந்தார். 1935இல் அவரே உண்மையைச் சொல்லும்வரை எவரும் உறுதியாக மறுக்கவில்லை.

விவால்டி தம்மிடம் வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளோ அழியவில்லை. அவை வெனிஸ் பிரபு ஒருவரின் நூலகத்துக்குப் போயின. பின்பு கைமாறி, ஜெனோவா நகரத்து டுராற்சோ பிரபு குடும்பத்தாரின் சொத்தாயின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரு சகோதரர் சொத்தைப் பங்கிட்டபோது, பிரதிகளும் இரண்டாகப் பிரிந்தன. அவற்றின் மதிப்பை அறிந்தவர் எவருமில்லை.

ஒரு பங்கு, வட இத்தாலியின் போர்கோ சான் மார்ட்டீனோ என்ற ஊரிலிருந்த சலேசியன் சபைக் கல்லூரிக்கு நன்கொடையாக வந்து சேர்ந்தது. ஆதரவற்ற சிறுவருக்காகப் புனித தொன் பொஸ்கோ தொடங்கிய சபை அது. 1926இல் கல்லூரிக் கட்டடத்தைத் திருத்தப் பணம் தேவைப்பட்டது. பழைய இசைச் சுவடிகளை விற்கலாமா என்று குருவானவர்கள் எண்ணி, மதிப்பீட்டுக்காகத் தூரின் நகர நூலகத்தை நாடினார்கள். நூலக அதிபர் லூயிஜி தோறியும் இசைப் பேராசிரியர் அல்பேர்த்தோ ஜென்டீலியும் பெட்டிகளைத் திறந்தார்கள். 97 தொகுதிகள். அவற்றுள் 14 தொகுதிகளில் விவால்டியின் இசை!

நூலகத்திடம் பணம் இல்லை. சுவடிகள் வணிகரிடம் சிதறிப்போகும் ஆபத்து இருந்தது. அப்பொழுது முன்வந்தவர் தூரின் நகரத்துப் பங்குத் தரகர் றொபேர்த்தோ போவா என்ற யூதர். அவருடைய மகன் மவுரோ குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டான். மகனின் நினைவாகச் சுவடிகளை வாங்கி நூலகத்துக்கு அளித்தார் தந்தை.

தொகுதிகளின் எண்களை ஆராய்ந்த ஜென்டீலி, பாதியே கைக்கு வந்திருப்பதைக் கண்டுகொண்டார். மறுபாதி ஜெனோவாவில் டுராற்சோ குடும்பத்து முதியவர் ஒருவரிடம் இருந்தது. அவரை இணங்கவைக்கப் பெருமுயற்சி வேண்டியிருந்தது. 1930இல் அதையும் வாங்கப் பணம் தந்தவர் துணி உற்பத்தியாளர் பிலிப்போ ஜோர்தானோ. அவரும் றென்சோ என்ற சிறு மகனை இழந்தவர். இன்று தூரின் நூலகத்தில் உள்ள விவால்டியின் 27 தொகுதிகளும் "மவுரோ போவா", "றென்சோ ஜோர்தானோ" என்ற அந்த இரு சிறுவரின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

இந்த மீட்பிலும் கறை படிந்தது. யூதரான ஜென்டீலி, 1938இல் இத்தாலிய அரசு கொண்டுவந்த இனச் சட்டங்களால் பதவியை இழந்தார். 1939 செப்டெம்பரில் சியேனா நகரில் விவால்டி விழா நடந்து, "குளோரியா" மீண்டும் பாடப்பட்டபோது, அதைக் கண்டெடுத்தவருக்கு உரிய இடம் அங்கே இருக்கவில்லை. அதே மாதத்தில் ஐரோப்பாவில் போரும் மூண்டுவிட்டது. போருக்குப் பின், 1947இல், அந்தோனியோ பன்னா என்பவர் விவால்டி ஆய்வு நிலையத்தை நிறுவினார். வாத்திய இசை முழுவதும் படிப்படியாக அச்சேறியது. தேடுதல் இன்னும் முடிந்தபாடில்லை. வேறொருவர் பெயரில் ஜேர்மனியின் ட்றெஸ்டன் நகர நூலகத்தில் கிடந்த ஒரு சங்கீத இசை, விவால்டியுடையதென 2005இல் கண்டறியப்பட்டது.

எது நிலைத்தது?

விவால்டி எதைத் தம் பெரும் சாதனை என்று எண்ணியிருப்பார்? அரங்கின் கைதட்டலையும் அரசரின் பதக்கத்தையும் அவர் விரும்பினார் என்பதில் ஐயமில்லை. அவை அவர் கண்முன்னே மறைந்தன. பூசை செய்ய முடியாத குரு என்ற குறையும் அவரைச் சுட்டது. ஆனால் முகம் தெரியாத, பெயர் இல்லாத பிள்ளைகளுக்காக, மாதம் இரண்டு என்று கணக்குப் பார்த்து எழுதிக் கொடுத்த இசை இன்றும் வாழ்கிறது. ஒரே கொன்சேட்டோவை நூற்றுக்கணக்கான தடவைகள் எழுதியவர் என்று அவரை ஏளனம் செய்தோரும் உண்டு. ஒரே பாடத்தை ஆண்டுதோறும் புதிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எந்த ஆசிரியரையும் அப்படி ஏளனம் செய்யலாம். ஒவ்வொரு தடவையும் எதிரில் நிற்கும் பிள்ளை வேறு என்பதை ஏளனம் செய்பவர் மறந்துவிடுகிறார்.

மவுரோவும் றென்சோவும் வளர்ந்து பெரியவர்களாகவில்லை. அவர்களுக்காகச் செலவிட முடியாமற்போன அன்பை, அவர்களின் தந்தையர் உலகத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

குடும்பத்தில் சிந்திக்க

1. "குளோரியா"வின் முதல் இரு பகுதிகளையும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். மகிழ்ச்சிக்குப் பின் உடனே ஏக்கம் வருவது ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

2. கைவிடப்பட்ட பெண் பிள்ளைகளுக்குப் பியெத்தா இல்லம் உணவும் உடையும் மட்டுமன்றி, உயர்ந்த கலையையும் கற்பித்தது. நமது பகுதியிலுள்ள இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது பழைய துணியும் ஒரு நேரச் சாப்பாடும் மட்டும்தானா? ஒரு வாத்தியம், ஓர் ஆசிரியர், வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுக்க முடியாதா?

3. நமது கோவில் மேல்மாடத்திலோ, வீட்டுப் பெட்டியிலோ பழைய பாட்டுப் புத்தகங்களும் கையெழுத்துப் பிரதிகளும் கிடக்கலாம். அவற்றை எரிக்குமுன், எறியுமுன், அறிந்தவர் ஒருவரிடம் காட்டினால் என்ன?